‘கண்டு மகிழலாம்’ என்றால் காட்டுவார்கள் என்று பொருளில்லை: சுற்றுலா விளம்பரங்களைப் படிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மார்ச் மாதத் தொடக்கத்தில், என் பெற்றோரை மூணாறுக்கு அழைத்துச் சென்றேன். ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் கொடுத்த துண்டறிக்கையைப் படித்துத்தான் அந்தப் பயணத்தை முடிவு செய்தோம். “இரவிகுளம் தேசியப் பூங்காவில் நம் மாநில விலங்கான வரையாட்டை மிக அருகில் கண்டு மகிழலாம்” என்ற வரியை என் தாயார் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். முழங்கால் வலியோடு அவர் மலைக்கு வரச் சம்மதித்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். இரண்டாம் நாள் காலையில் பூங்கா இருக்கும் ராஜமலைக்குப் போனபோது பூங்கா மூடியிருந்தது. வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி ஆண்டுதோறும் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதை அங்கே நின்றிருந்த காவலர் சொல்லித்தான் அறிந்தோம். ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “பாக்கலாம்னுதான் சார் போட்டிருக்கோம், காட்டுறோம்னு எங்கயும் போடலையே” என்றார்.

அவர் சொன்னது இலக்கணப்படி சரி. துண்டறிக்கையை மீண்டும் எடுத்துப் படித்தபோது, அதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு சொல்கூட இல்லை என்பது புரிந்தது. அன்றிலிருந்து சுற்றுலா விளம்பரங்களைப் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். பெரிய எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களையும் படங்களையும் ஒதுக்கிவிட்டு, வாக்கியம் எந்த வினையில் முடிகிறது, பெயருக்குப் பின்னால் எந்தச் சிறுசொல் வந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். அப்பட்டமான பொய் இத்தகைய விளம்பரங்களில் அரிது. ‘லாம்’, ‘முதல்’, ‘வரை’, ‘இணையான’, ‘அருகே’ ஆகிய சிறுசொற்கள்தாம் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, சிலருக்கு வாழ்நாளில் ஒருமுறை, சேமித்த பணத்தில் செல்லும் பயணம் இப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வினையைப் பாருங்கள்

ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். “அழைத்துச் செல்வோம்”, “தருகிறோம்” என்று தன்மைப் பன்மையில் முடியும் வினைகளில் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். “காணலாம்”, “ரசிக்கலாம்”, “அனுபவிக்கலாம்” என்று முடியும் வினைகள் உங்களுக்கு ஓர் அனுமதியைத்தான் தருகின்றன. அந்த இடத்துக்கு வண்டி போகுமா, நுழைவுச் சீட்டை யார் வாங்குவார்கள், அன்று அந்த இடம் திறந்திருக்குமா என்பது பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. மூன்றாவது வகை செயப்பாட்டு வினை. “ஏற்பாடு செய்து தரப்படும்” என்பது இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டிய தொடர். படகோ குதிரையோ தமிழ்ச் சாப்பாடோ ஏற்பாடு செய்யப்படும் என்பது மட்டுமே அதில் உறுதி. அதற்குரிய பணம் உங்கள் கையிலிருந்து போகும் என்பதை அந்த வாக்கியம் மறுக்கவே இல்லை.

‘லாம்’ என்று முடியும் ஒவ்வோர் இடத்துக்கும் நீங்களே ஒரு சிறு விசாரணை செய்துகொள்வது நல்லது. தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் பொதுப் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கும். டெல்லி–ஆக்ரா பயணத்தின் ஆக்ரா நாள் வெள்ளியில் விழுந்தால், யமுனையின் அக்கரையிலிருந்து பார்ப்பதும் ‘தாஜ்மகாலைக் கண்டு ரசிப்பது’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். மைசூர் அரண்மனையின் முழு விளக்கு அலங்காரம் பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை வேளையில் சிறிது நேரம் மட்டுமே ஏற்றப்படுகிறது. வார நாளில் போகிற குழுவுக்கும் அதே ஒளிவெள்ளப் படத்தைத்தான் அச்சடித்திருப்பார்கள். மணாலிப் பயணங்களில் “ரோத்தாங் / சோலாங்” என்று ஒரு சாய்கோடு போட்டிருந்தால், அந்தக் கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். ரோத்தாங் கணவாய்க்கு வாகன அனுமதிச் சீட்டு வேண்டும், அது எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது, குளிர்காலத்தில் கணவாயே பனியில் மூடிவிடும். ஆகவே பெரும்பாலோர் சோலாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். துபாயின் மிராக்கிள் கார்டன் மலர்த் தோட்டம் கோடையில் மூடியிருக்கும். கொடைக்கானலிலும் மூணாறிலும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் பூப்பது; 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் வேறு குறிஞ்சி வகைகள் ஆங்காங்கே பூப்பது உண்டு என்றாலும், மலைச்சரிவு முழுவதும் நீலமாக இருக்கும் படத்தைப் போட்டு ஆண்டுதோறும் அழைப்பது நேர்மையாகாது. ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை விதிப்பார்கள். கடல் சீற்றம் இருந்தால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகாது. இயற்கைக்கு எந்த ஏற்பாட்டாளரும் உத்தரவாதம் தர முடியாது என்பது உண்மைதான். எனினும், அப்படித் தடைபட்டால் மாற்றாக என்ன தருவார்கள், கட்டிய நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல அவர்களால் முடியும்.

நீலகிரி மலை ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை வைத்து நடக்கும் சொல்விளையாட்டு அதிகம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஓடும் இந்த ரயிலை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. அதன் சிறப்பான பற்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் உள்ளது. “மலை ரயில் பயணம் உண்டு” என்று விளம்பரத்தில் இருந்தால், பெரும்பாலும் அது குன்னூர்–உதகை இடையிலான குறும்பயணமாகவே இருக்கும். அந்தப் பகுதியில் பற்சக்கரம் இல்லை. அதுவும் அழகான பயணம்தான். ஆனால் செங்குத்தான மலையில் பல்லைப் பற்றிக்கொண்டு ஏறும் ரயிலைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்துப் போகிற பெற்றோர், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, முன்பதிவு செய்த இருக்கையா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

விலையோடு ஒட்டி வரும் சொற்கள்

“ரூ.24,999 முதல்” என்பதில் விலை எண்ணில் இல்லை, ‘முதல்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆண்டிலேயே மிகக் குறைந்த நெரிசல் உள்ள ஒரு தேதியில், மிக எளிய அறையில், வண்டியை ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் கணக்கில் வரும் தொகையாக அது இருக்கக்கூடும். நமக்கோ ஏப்ரல், மே மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஆகவே “உங்கள் விளம்பரத்தில் உள்ள இந்தத் தொகை எந்தெந்தப் புறப்பாட்டுத் தேதிகளுக்குப் பொருந்தும்?” என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். ‘வரை’ என்ற சொல் இதற்கு நேர்மாறான திசையில் வேலை செய்கிறது: “50 சதவீதம் வரை தள்ளுபடி” என்பது ஒரே ஓர் அறைக்கு 50 சதவீதமும் மற்ற எல்லாவற்றுக்கும் 5 சதவீதமும் தருபவரும் எழுதக்கூடிய வரி.

‘ஒரு நபருக்கு’ என்பதற்குப் பின்னால் எப்போதும் ‘ட்வின் ஷேரிங்’ அல்லது ‘டிரிபிள் ஷேரிங்’ என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். ட்வின் ஷேரிங் என்றால் இருவர் ஓர் அறையைப் பகிர வேண்டும். தனியாக வருபவர் முழு அறைக்கும் பணம் கட்ட வேண்டும். டிரிபிள் ஷேரிங் என்றால் மூன்றாமவருக்குப் பெரும்பாலும் தரையில் விரிக்கும் மெத்தைதான். வயதான தாயோ தந்தையோ அந்த மூன்றாமவர் என்றால் இதை மறக்காமல் கேளுங்கள். “குழந்தைகளுக்கு இலவசம்” என்பதும் இப்படித்தான்: எத்தனை வயது வரை, தனிப் படுக்கை உண்டா, வண்டியில் இருக்கை உண்டா என்று பிரித்துக் கேட்டால்தான் பொருள் தெளிவாகும். விமானத்தில் 2 வயது நிறைந்த குழந்தைக்குத் தனி இருக்கைக்கான சீட்டு வாங்கியே ஆக வேண்டும் என்பதால், விமானப் பயணத்துடன் சேர்ந்த தொகுப்புகளில் அந்த ‘இலவசம்’ பெரும்பாலும் விடுதி அறையோடு முடிந்துவிடும்.

வரிகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுலா ஏற்பாட்டாளரின் தொகுப்புகளுக்குப் பொதுவாக 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, விளம்பரத் தொகைக்கு மேல் அது தனியாக வருமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொகுப்பு என்றால் வருமான வரிச் சட்டப்படி டி.சி.எஸ். என்ற முன்வசூல் ஒன்றும் சேரும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ள முடியும் என்றாலும் முதலில் கையிலிருந்து போகும் பணம் அது. மலேசியாவில் வெளிநாட்டினர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும், துபாயில் விடுதியின் தரத்துக்கு ஏற்ப ‘டூரிசம் திர்ஹாம்’ கட்டணமும் உண்டு. பெரும்பாலும் இவற்றை விடுதி மேசையில்தான் கேட்பார்கள். மாலத்தீவு விளம்பரங்களில் இதைவிடப் பெரிய தொகை ஒன்று மறைந்திருக்கும். மாலே விமான நிலையத்திலிருந்து தங்கும் தீவுக்குக் கடல் விமானத்திலோ அதிவேகப் படகிலோ செல்லும் செலவு, விளம்பரத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால், தொலைதூரத் தீவுகளுக்கு அது மட்டுமே கணிசமான தொகை. பல தீவுகளுக்கு வேறு வழியில் எளிதாகப் போகவும் முடியாது. “வாட்டர் வில்லாவில் (கடல்நீரின் மேல் கட்டிய குடிலில்) தங்கலாம்” என்பதும் பல வேளைகளில் நான்கு இரவுகளில் ஓர் இரவு மட்டும் என்று பொருள்படும்.

ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

நாளிதழ்களிலும் வாட்ஸ்அப்பிலும் வழக்கமாக வரும் தொடர்களைக் கோத்து நானே எழுதிய ஒரு மாதிரி விளம்பரம் இது:

“கோடைச் சிறப்பு! காஷ்மீர் 6 நாள் 5 இரவு. ஒரு நபருக்கு ரூ.24,999 முதல் மட்டுமே! ஸ்டார் தர ஹோட்டல். துலிப் தோட்டம், குல்மார்க் கோண்டோலா, பஹல்காம் பள்ளத்தாக்குகள் கண்டு ரசிக்கலாம். தமிழ் உணவு ஏற்பாடு செய்து தரப்படும். சில இருக்கைகளே உள்ளன. நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

நாள் கணக்கிலிருந்து தொடங்குவோம். சென்னை என்ற ஊரின் பெயரே விளம்பரத்தில் இல்லை. ஆகவே இது ஸ்ரீநகரில் தொடங்கி ஸ்ரீநகரிலேயே முடியும் பயணமாக இருக்கலாம், விமானச் செலவு நம்முடையது. முதல் நாள் பிற்பகலில் இறங்கி அறைக்குப் போவதிலும், ஆறாம் நாள் காலை உணவுக்குப் பின் விமான நிலையத்துக்குக் கிளம்புவதிலும் இரண்டு நாட்கள் கழிந்துவிடும். மிஞ்சுவது நான்கு நாட்கள். இரவு ரயிலிலோ பேருந்திலோ கிளம்பும் உள்ளூர்ப் பயணங்களில் இது இன்னும் மோசம்: இரவு 10 மணிக்கு ஏறுவது ஒரு நாள், கடைசி நாள் அதிகாலையில் வந்து இறங்குவது இன்னொரு நாள் என்று எண்ணிவிடுவார்கள். இரவுகளை எண்ணுங்கள், அதிலும் படுக்கையில் உறங்கும் இரவுகளை மட்டும் எண்ணுங்கள்.

துலிப் தோட்டம் அடுத்தது. தால் ஏரிக்கரையில் உள்ள அந்தத் தோட்டம் மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம்தான் திறந்திருக்கும்; ஏப்ரல் முடிவதற்குள் பூக்கள் முடிந்துவிடும். பள்ளித் தேர்வுகள் முடிந்து மே மாதத்தில் போகிற தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் படம் பயனற்றது. குல்மார்க் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக ஓடுகிறது. கோங்டூரி வரை ஒரு கட்டம், அங்கிருந்து அபர்வாத் வரை மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு. கோடையில் பனியைத் தொட வேண்டுமானால் இரண்டாம் கட்டம்தான் ஏறக்குறைய ஒரே வழி. சீட்டுகளோ சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும். “கண்டு ரசிக்கலாம்” என்பதற்கு, கீழே நின்று கம்பிவடத்தில் போகும் பெட்டிகளைப் பார்ப்பதும் பொருந்தும். பஹல்காமில் ஆரு, பேதாப், சந்தன்வாரி ஆகிய இடங்களுக்கு வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. உள்ளூர் வாடகை வண்டி எடுக்க வேண்டும், அதற்குத் தனிப் பணம். 2025 ஏப்ரலில் பஹல்காம் அருகே நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எனவே எந்த இடம் இப்போது திறந்திருக்கிறது என்பதையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பணத்தைக் கூட்டலாம். நால்வர் குடும்பத்துக்கு ரூ.24,999 வீதம் ரூ.99,996. அதற்கு 5 சதவீத வரி சேர்ந்தால் ரூ.1,04,996. விமானம், கோண்டோலா, உள்ளூர் வண்டி, குதிரை, மதிய உணவு ஆகியவை இன்னும் கணக்கில் வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் ‘ஒரு லட்சத்துக்குள் காஷ்மீர்’ என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்த முதல் எண்ணம் மனத்தில் பதிந்தபின், மேலே சேரும் ஒவ்வொரு தொகையும் சிறியதாகவே தெரியும். இதைத் தவிர்க்க நான் செய்வது ஒன்றுதான்: வீட்டு வாசலில் பூட்டுப் போடுவதிலிருந்து திரும்பி வந்து திறக்கும் வரை ஆகும் செலவு அனைத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிய பிறகே, இரண்டு ஏற்பாட்டாளர்களின் விலைகளை ஒப்பிடுவேன். மலிவாகத் தெரிந்தவர் அப்போது பல முறை மலிவாக இருப்பதில்லை.

விடுதியும் அது இருக்கும் இடமும்

மூணாறு கதைக்குத் திரும்புகிறேன். “மூணாறின் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே தங்கல்” என்று சொல்லப்பட்ட எங்கள் விடுதி அடிமாலியில் இருந்தது. அங்கிருந்து மூணாறுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தினமும் காலையிலும் மாலையிலும் அந்த வளைவுகளில் ஏறி இறங்கியதில் என் தந்தைக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வந்து, மூன்றாம் நாள் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஊர்ப் பெயரை நம்பாமல் விடுதியின் பெயரைக் கேட்டு வாங்கி, அதைக் கூகுள் மேப்ஸில் தேடி, நீங்கள் பார்க்கப் போகும் முக்கியமான இடத்துக்கு அங்கிருந்து எத்தனை நிமிடம் என்று பார்த்தால் போதும். தொலைவை அல்ல, நேரத்தைப் பாருங்கள். மலையில் 15 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் ஆகும். “கடற்கரைக்கு அருகே”, “கோயிலுக்கு மிக அருகில்” என்ற தொடர்களுக்கும் இதே மருந்துதான்.

“குறிப்பிட்ட விடுதி அல்லது அதற்கு இணையான விடுதி” என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். அது இருப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். அறை கிடைக்காத சூழல் உண்மையாகவே வரும். ஆனால் எது இணை என்பதை முடிவு செய்யும் உரிமை ஏற்பாட்டாளரிடம் மட்டும் இருந்தால், அந்த வரி முதலில் சொன்ன விடுதியின் பெயரையே பொருளற்றதாக்கிவிடும். மாற்று விடுதிகள் இரண்டின் பெயரை இப்போதே எழுதித் தரச் சொல்லுங்கள்.

“ஸ்டார் தர” என்பதில் ‘தர’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தியாவில் விடுதிகளுக்கு நட்சத்திர வகைப்பாடு அளிக்கும் முறையான திட்டம் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்துடையது. விடுதிகள் விருப்பத்தின் பேரில் விண்ணப்பித்து அதைப் பெறுகின்றன. முன்பதிவு இணையதளங்களில் பயனர்கள் தரும் நட்சத்திரங்கள் வேறு. “மூன்று நட்சத்திர விடுதி” என்பதும் “மூன்று நட்சத்திரத் தரத்திலான விடுதி” என்பதும் ஒன்றல்ல. அதேபோல “அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்” என்று போட்டிருந்தால், எந்தத் துறையின் எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றும் ஒரு தொழில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். சேவையின் தரத்தை யாரும் சோதித்ததாக அதற்குப் பொருளில்லை.

இலவசம் என்ற சொல்

யாரும் பணம் கேட்காத ஒன்றைத் தாம் பரிசாகத் தருவதாகச் சொல்வது ஒரு வகை. தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா 2023 டிசம்பரிலும் இந்தியர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா விலக்கு அளித்தன; அதற்குப் பிறகும் “விசா முற்றிலும் இலவசம்” என்ற வரி இந்நாடுகளுக்கான விளம்பரங்களில் சலுகையைப் போல வந்துகொண்டிருந்தது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் என்ற நுழைவு அனுமதி, எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பெறக்கூடியது. அதை ‘எங்கள் பொறுப்பு, இலவசம்’ என்று எழுதுவதும் இதே வகை.

இன்னொரு வகை இதைவிடக் கவலை தருவது. வணிக வளாகத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ ஒரு சீட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிப் போடச் சொல்வார்கள்; சில நாளில் “உங்களுக்கு மூன்று நாள் இலவசச் சுற்றுலா விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அழைப்பு வரும். இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனித்தாலே இதன் நோக்கம் புரிந்துவிடும்: வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போக வழியில்லாமல் செய்வதற்காகத்தான் அந்த நிபந்தனை. அங்கே இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்து, பல லட்சம் ரூபாய்க்கு விடுமுறை உறுப்பினர் திட்டம் ஒன்றை விற்பார்கள். “இந்த விலை இன்று மட்டும்தான்” என்பார்கள். கையில் கிடைக்கும் இலவச வவுச்சரில் பயணச் செலவும் உணவும் வரியும் சேராது, விடுமுறை நாட்கள் பொருந்தாது. உறுப்பினர் திட்டத்தில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், பள்ளி விடுமுறையில் அறை கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள், விலக நினைத்தால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு பணம் திரும்பும் என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் அந்த அறையில் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் வங்கி அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. போகாமலிருப்பதே எல்லாவற்றிலும் நல்லது என்பது என் கருத்து.

இணையத்தில் முன்பதிவு செய்பவர்கள் திரையையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். “இன்னும் ஒரே ஓர் அறைதான்”, “இப்போது 23 பேர் பார்க்கிறார்கள்” என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத பயணக் காப்பீட்டைத் தானாகவே சேர்த்துவிடுவது, கடைசித் திரையில் மட்டும் கட்டணங்களைக் கூட்டிக் காட்டுவது ஆகியவற்றை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அத்தகைய 13 உத்திகள் அதில் பெயரிட்டுச் சொல்லப்பட்டுள்ளன.

பணம் கட்டும் முன் அனுப்ப வேண்டிய செய்தி

தொலைபேசியில் கிடைக்கும் பதில்கள் காற்றோடு போய்விடும். பேசியதையெல்லாம் அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பி, ஒப்புதல் வாங்குங்கள். நான் இப்போது அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம். உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். மே 10 புறப்பாட்டுக்கு, இரண்டு பெரியவர், 7 வயதும் 11 வயதும் உள்ள இரண்டு குழந்தைகளுக்கு, வரிகள் அனைத்தும் சேர்த்து நாங்கள் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? எந்தெந்த இரவு எந்தெந்த விடுதி, எந்த வகை அறை என்று பெயருடன் தெரிவிக்கவும். நீங்கள் நுழைவுச் சீட்டு எடுத்துத் தரும் இடங்கள் எவை, வெளியிலிருந்து மட்டும் காட்டும் இடங்கள் எவை? எந்தெந்த வேளை உணவு உண்டு? நாங்கள் அங்கே தனியாகப் பணம் கொடுக்க வேண்டியவை எவை? பயணத்தை நாங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், நீங்கள் ரத்து செய்தால் எவ்வளவு, அது பணமாகவா அல்லது அடுத்த பயணத்துக்கான வரவாகவா?”

நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இந்தச் செய்தியைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. சிலர் நான் கேட்காததையும் சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அவர்களிடமே திரும்பத் திரும்பப் போகிறேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார், அட்வான்ஸ் போட்டுடுங்க” என்று மட்டும் பதில் வந்தால், வேறு ஏற்பாட்டாளரைத் தேடுங்கள். பதிலில் மீண்டும் ‘லாம்’ வந்தால், அந்த வரியை மட்டும் எடுத்து “சீட்டு எடுத்துத் தருவீர்களா, ஆமா இல்லையா?” என்று ஒரு முறை கூடக் கேளுங்கள்.

தவறு நடந்த பிறகு

நான் மூணாறிலிருந்து திரும்பியபோது துண்டறிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டேன். அது பெரிய தவறு. விளம்பரத்தைப் பார்த்த நாளிலேயே தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீது, உரையாடல், விடுதியின் படங்கள் ஆகியவற்றோடு ஒரே இடத்தில் வைத்திருங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விவரம் தருவதை மட்டுமன்றி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வரையறுக்கிறது. “பூங்கா மூடியிருக்கும் என்று சொல்லவில்லையே தவிர, பொய் சொல்லவில்லை” என்ற வாதம் முன்போல எளிதாக எடுபடாது. இத்தகைய விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

2022 ஜூனில் வெளியான விளம்பர வழிகாட்டுதல்களில் நமக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விதி உண்டு. விளம்பரத்தில் ஒரு சலுகை எந்த மொழியில் சொல்லப்படுகிறதோ, அதே மொழியில்தான் அதற்கான நிபந்தனையும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேதாக, பார்வையில் படும் இடத்தில் இருக்க வேண்டும். சலுகையைப் பெரிய தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு நிபந்தனைகளைப் பொடி ஆங்கிலத்தில் அடியில் போடும் பழக்கம் இந்த விதிக்கு முரணானது. புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

முதலில் ஏற்பாட்டாளருக்கே, நடந்ததையும் கேட்கும் தொகையையும் குறிப்பிட்டு, பதில் தர ஒரு கெடு வைத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். பல புகார்கள் அந்த நிலையிலேயே பேசித் தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நிறுவனம் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தொடர இப்போதைய சட்டம் இடம் தருகிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இணையவழியிலும் புகாரைப் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிந்துவிட வேண்டும்.